நெபுலா படங்களின் நிறம் உண்மையா, பூசியதா?

எட்டு அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவை (நெபுலா என்பது விண்வெளியில் கிடக்கும் வாயு, தூசி மேகம்) பார்த்தபோது சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரிந்தது, இணையத்தில் அதே நெபுலா ரோஜாச் சிவப்பாக இருக்கிறது, கழுகு நெபுலாவில் தூண்கள் போல் நிற்கும் மேகங்கள் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் பச்சையும் பொன்னுமாகவும் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் செம்பழுப்பாகவும் இருக்கின்றன, இதில் எது உண்மை, நம்மை ஏமாற்றுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். விண்கலத்தில் பக்கத்தில் போய்ப் பார்த்தால் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. உங்கள் கண்ணுக்கு ஏன் நிறம் தெரியவில்லை என்பது ஒன்று. கேமராவில் விழுந்த ஒளி படமாக வந்து சேர்வதற்குள் அதை யார் என்ன செய்கிறார்கள் என்பது இன்னொன்று. நான் தொழில்முறை வானியலாளன் இல்லை. பல வருடங்களாக நெபுலாக்களைப் படம் எடுத்து, அந்தப் படங்களைப் பதப்படுத்தி வருபவன். கருவியையும் படத்தையும் பற்றிச் சொல்வது கைப்பழக்கத்திலிருந்து வருவது. இயற்பியல் பகுதி படித்துத் தெரிந்துகொண்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெபுலாவுக்கு நிறம் உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். நல்ல படத்தில் எந்த விளிம்பு எங்கே இருக்கிறது, எது எதைவிடப் பிரகாசம் என்பதெல்லாம் அளந்து வந்தவை. எந்த ஒளிக்கு எந்த நிறம் கொடுப்பது என்பது மட்டும் பல படங்களில் ஒரு மனிதர் எடுத்த முடிவு. ஏமாற்று வேலையைத் தேடுகிறீர்கள் என்றால் நிறத்தில் தேடாதீர்கள், வடிவத்தில் தேடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கலாம். இருட்டில் நமக்குப் பார்வை கொடுப்பவை விழித்திரையின் கோல் செல்கள். அவை நிறம் பிரித்துச் சொல்லாது. நிறம் சொல்லும் கூம்பு செல்களுக்கு நிறைய ஒளி வேண்டும். அது மட்டுமல்ல, கோல் செல்களின் உணர்திறன் 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது. நெபுலாவில் ஹைட்ரஜன் வெளியிடும் முக்கியமான சிவப்பு ஒளி 656.3 நானோமீட்டரில் இருக்கிறது. அங்கே கோல் செல்கள் ஏறக்குறையக் குருடு. ஆக, படங்களில் பிரமாதமாகத் தெரியும் அதே சிவப்புதான் உங்கள் கண்ணுக்கு முதலில் தொலைந்துபோகிறது. ஓரியனின் மையத்தை நல்ல இருட்டில் இன்னொரு முறை பாருங்கள். டிரபீசியம் என்று சொல்லும் நான்கு நட்சத்திரங்களைச் சுற்றி, ஒரு கரிய பள்ளம் வெளியிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டு வரும். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், நட்சத்திரங்களுக்கு மிக அருகே இருக்கும் பிரகாசமான திட்டு பலருக்கு வெளிறிய பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சை உண்மையான நிறம்தான். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7, 495.9 நானோமீட்டரில் வெளியிடும் ஒளி அது. அந்த ஒரு திட்டில் மட்டும் கூம்பு செல்களை எழுப்பும் அளவுக்கு வெளிச்சம் இருக்கிறது. பெரிய தொலைநோக்கிகளில் ஓரங்களில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அதை நான் மறுக்கமாட்டேன், ஆனால் எதிர்பார்ப்பு கண்ணை எவ்வளவு தூரம் நடத்தும் என்பதும் தெரியும்.

சரி, பக்கத்தில் போனால்? பலரும் நம்ப மறுப்பது இந்த இடத்தில்தான். பக்கத்தில் போனாலும் நெபுலாவின் ஒவ்வொரு பகுதியும் இதைவிடப் பிரகாசமாகத் தெரியாது. தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் கண்ணுக்கு வரும் மொத்த ஒளி நான்கு மடங்காகும். அதே நேரம் நெபுலா வானத்தில் அடைத்துக்கொள்ளும் பரப்பும் நான்கு மடங்காகும். ஒரு சிறு திட்டு என்று எடுத்தால் அதன் பிரகாசம் அப்படியே நிற்கிறது. தொலைநோக்கிக்கும் இதே விதிதான்: பரந்து கிடக்கும் பொருளின் பரப்புப் பிரகாசத்தை எந்தத் தொலைநோக்கியாலும் வெறும் கண்ணுக்குத் தெரிவதைவிட உயர்த்த முடியாது. அது செய்வது பெரிதாக்குவது மட்டும். மங்கலான பெரிய பரப்பைக் கண் எளிதாகக் கண்டுபிடிக்கும் என்பதால் நமக்கு அது பிரகாசம் கூடியதுபோல் தோன்றுகிறது. ஓரியன் நெபுலா சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் நடுவுக்கே நீங்கள் போய்விட்டால் வானம் முழுக்க மெல்லிய சாம்பல் ஒளி பரவியிருக்கும், அவ்வளவுதான். நட்சத்திரங்கள் கதை வேறு. அவை புள்ளிகள் என்பதால் நெருங்க நெருங்கப் பிரகாசம் ஏறும். டிரபீசியத்தின் பெரிய நட்சத்திரமான தீட்டா-1 ஓரியானிஸ் சி-யை மூன்று ஒளியாண்டு தூரத்திலிருந்து பார்த்தால், நம் வானத்து வெள்ளிக் கோளைவிட இருபது மடங்குக்கு மேல் பளிச்சென்று இருக்கும் என்று கணக்கு வருகிறது. அந்த வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது பக்கத்து மங்கல் புகை இன்னும் மறைந்துதான் போகும். திரைப்படங்களில் விண்கலம் வண்ண மேகங்களுக்குள் புகுந்து போவதுபோல் ஒரு நாளும் நடக்காது.

இதற்கு அடிப்படைக் காரணம் நெபுலா நாம் நினைப்பதைவிட அநியாயத்துக்கு மெலிந்தது என்பதுதான். ஓரியனின் அடர்ந்த மையப் பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் அணுக்கள் அளவில் இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்தில் இருக்கும் மூலக்கூறுகளை எழுத, இரண்டுக்குப் பின்னால் 19 பூஜ்யம் போட வேண்டும். அந்த மெல்லிய வாயுவின் மீது சூடான நட்சத்திரத்தின் புறஊதா ஒளி விழுந்து ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிய்த்துவிடுகிறது. எலக்ட்ரான் மறுபடி சேர்ந்து படிப்படியாகக் கீழே இறங்கும்போது 656.3-இல் சிவப்பும் 486.1-இல் நீலப்பச்சையும் வெளிவருகின்றன. இரண்டும் கலப்பதால் ஹைட்ரஜனின் இயல்பான நிறம் சுத்தச் சிவப்பு இல்லை, இளஞ்சிவப்பு. ஆக்சிஜனின் பச்சைக் கோடுகளுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் டிராகோ என்ற விண்மீன் குழுவில் உள்ள ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார். நட்சத்திரக் கூட்டமாக இருந்திருந்தால் தொடர்ச்சியான வானவில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததோ தனித்தனிக் கோடுகள், அதாவது ஒளிரும் வாயு. பிறகு ஓரியனிலும் அதே கோடுகள் கிடைத்தன. பச்சைக் கோடுகள் பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் நெபுலியம் என்று ஒரு புதுத் தனிமமே இருப்பதாகப் பேசினார்கள். 1927-இல் ஐரா போவன்தான் அது சாதாரண ஆக்சிஜன் என்று காட்டினார். பூமியின் காற்றில் அந்த அயனி, அதாவது எலக்ட்ரான்களை இழந்த அணு, ஒளியை வெளியிடுவதற்குள் வேறு எதனுடனாவது மோதிவிடும். நெபுலாவின் வெறுமையில்தான் அதற்கு அவகாசம் கிடைக்கிறது.

இப்போது கேமரா. கண்ணால் ஒளியைச் சேர்த்து வைக்க முடியாது, கேமராவால் முடியும். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் ஒளியூட்டி ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தார். 1883-இல் ஆண்ட்ரூ காமன் எடுத்த படங்களில், கண்ணால் தொலைநோக்கி வழியாகப் பார்த்தவர்களுக்குத் தெரியாத நட்சத்திரங்கள் பதிவாகியிருந்தன. படம் கண்ணைத் தாண்டிப் போன நாள் அதுதான் என்று சொல்லலாம். இன்றைக்கு எடுக்கும் முறை கொஞ்சம் வேறு. ஒரே நீண்ட எக்ஸ்போஷருக்கு (கேமரா ஒளியை வாங்கும் நேரம்) பதில், சில நிமிட எக்ஸ்போஷர்களை நிறைய எடுத்து அடுக்கிச் சராசரி எடுக்கிறோம். இரைச்சல், அதாவது படத்தில் தாறுமாறாக விழும் பொடிப்புள்ளிகள், எடுத்த படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். நான்கு மடங்கு எடுத்தால் இரைச்சல் பாதி, பதினாறு மடங்கு எடுத்தால் கால் பங்கு. இதனால்தான் ஒரு நல்ல படத்துக்குப் பல இரவுகள் போகின்றன. மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்களைக் கழித்து சென்சாரின் சொந்தக் கோளாறுகளை நீக்குகிறோம். சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃபிளாட் படங்களால் வகுத்து, வில்லையின் ஓர இருட்டையும் தூசி நிழல்களையும் எடுக்கிறோம். இது எதுவும் பூச்சு வேலை இல்லை. எந்த அளவுகோலையும் சரிபார்ப்பதுபோன்ற காரியம்தான்.

அடுக்கி முடித்த படத்தைத் திரையில் அப்படியே திறந்தால் ஏறக்குறைய முழுக் கறுப்பாக இருக்கும். சில நட்சத்திரங்களும், ஓரியன் என்றால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் மட்டும் தெரியும். நெபுலா முழுவதும் அந்தக் கறுப்புக்குள்தான் ஒளிந்திருக்கிறது, மிகச் சின்ன எண்களாக. அவற்றைத் தூக்கிக் காட்டுவதை ஸ்ட்ரெச் என்கிறோம்: மங்கலான பகுதிகளை அதிகமாகவும் பிரகாசமான பகுதிகளைக் குறைவாகவும் உயர்த்துவது. இதைச் செய்தவுடன் ஒரு விஷயத்தை இழக்கிறோம், அதை மறைக்கக்கூடாது. பத்து மடங்கு பிரகாச வித்தியாசம் படத்தில் பத்து மடங்காகத் தெரியாது. எது அதிகம், எது குறைவு என்ற வரிசை மட்டும் நிற்கும். எத்தனை மடங்கு என்பது போய்விடும். ஓரியனின் மையமும் அதன் வெளிச் சிறகுகளும் ஒரே படத்தில் அழகாகத் தெரிந்தால், அது சில விநாடி எக்ஸ்போஷரையும் பல நிமிட எக்ஸ்போஷரையும் கலந்து செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சாதாரணக் கேமராவும் ஒரு பொய் சொல்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடையில் வாங்கும் கேமராக்களின் சென்சாருக்கு முன்னால், முகங்கள் இயல்பான நிறத்தில் தெரிவதற்காக ஒரு ஃபில்டர் வைத்திருப்பார்கள். அது ஹைட்ரஜனின் 656.3 சிவப்பில் பெரும்பகுதியை வெட்டிவிடும். அதனால்தான் மாற்றம் செய்யாத கேமராவில் எடுத்த நெபுலா வெளிறிப்போய் இருக்கும். 2005-இல் கேனன் நிறுவனம் இந்தச் சிவப்பைக் கூடுதலாக உள்ளே விடும் 20டிஏ என்ற மாடலை வானியலுக்காகவே வெளியிட்டது. மற்றவர்கள் அந்த ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுக்கிறார்கள். ஆக, உள்ளதை உள்ளபடி காட்டும் படம் எது என்று கேட்டால், மாற்றம் செய்த கேமராவில் வந்த சிவப்புப் படம்தான் நெபுலாவின் ஒளிக்கு அதிக விசுவாசமானது.

ஹபிள் தூண்களுக்கு வருவோம். 1995 ஏப்ரல் 1 அன்று ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் கழுகு நெபுலாவின் நடுப் பகுதியை ஹபிளால் எடுத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய முக்கியமான ஃபில்டர்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு தனிமத்தின் கோட்டை மட்டும் உள்ளே விடுபவை: கந்தகம் 672 நானோமீட்டர் அருகே, ஹைட்ரஜன் 656, ஆக்சிஜன் 501. கந்தகமும் ஹைட்ரஜனும் கண்ணுக்கு இரண்டுமே சிவப்பு. அப்படியே காட்டினால் இரண்டையும் பிரிக்க முடியாது, அறிவியல் போச்சு. அதனால் அலைநீள வரிசையைக் கலைக்காமல், நீளமானதற்குச் சிவப்பு, நடுவானதற்குப் பச்சை, குட்டையானதற்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். உயரத்தை நிறத்தால் காட்டும் நில வரைபடத்தைப் பார்த்து, மலை பழுப்பு நிறமா என்று யாரும் சண்டை போடுவதில்லை, இதுவும் அப்படித்தான். ஆக்சிஜனிடமிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 35 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும், ஹைட்ரஜனுக்கு 13.6 போதும், கந்தகத்தின் முதல் எலக்ட்ரானுக்கு அதைவிடவும் குறைவு. ஆகவே படத்தில் நீலம் இருக்கும் இடம் சூடான நட்சத்திரங்களின் கடுமையான ஒளி நேரடியாகப் பாயும் இடம். சிவப்பு ஏறும் இடம், அந்த ஒளி அடர்ந்த மேகத்தில் முட்டித் தேயும் விளிம்பு. தூண்களின் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பிலிருந்து வாயு மெல்லிய இழைகளாகச் செங்குத்தாக வெளியேறுவது தெரியும். சின்ன விரல் நுனிகள் போன்ற முடிச்சுகள் பிதுங்கி நிற்கும். ஒளி வாயுவை அரித்துக்கொண்டே போகும்போது, அடர்த்தி காரணமாகப் பின்தங்கி நின்ற கட்டிகள் அவை.

அந்தப் படத்தில் பொன்னிறம் எங்கிருந்து வந்தது என்றால், கந்தகத்தின் சிவப்பும் ஹைட்ரஜனின் பச்சையும் கலந்த இடங்களிலிருந்து. ஆனால் இதை வைத்து அங்கே கந்தகம் ஹைட்ரஜனுக்குச் சமமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஹைட்ரஜன் கோடு மற்ற இரண்டையும் விட மிக வலுவானது. மூன்றையும் உள்ளபடி சேர்த்தால் படம் முழுக்கப் பச்சை. எனவே மெலிந்த இரண்டையும் தனித்தனியாக ஏற்றிச் சமன் செய்கிறோம். அதன் பக்கவிளைவுதான் நட்சத்திரங்களைச் சுற்றி வரும் ஊதா நிறம்: நட்சத்திரம் எல்லா அலைநீளத்திலும் ஒளிர்வதால், ஏற்றிவிட்ட சிவப்பும் நீலமும் அங்கே மிஞ்சிவிடுகின்றன. பதப்படுத்துபவரின் ரசனை நுழையும் இடம் இதுதான். ஒரே தரவிலிருந்து நான் ஒரு படம் செய்வேன், இன்னொருவர் வேறு மாதிரி செய்வார். இரண்டிலும் விளிம்புகள் ஒரே இடத்தில் இருக்கும், நிறத்தின் ஆழம் மாறும்.

வெப் விஷயத்தில் உண்மையான நிறம் என்ற கேள்விக்கே இடம் குறைவு. 2022 அக்டோபரில் வெளியான அதன் அண்மை அகச்சிவப்புப் படத்தில் இருக்கும் ஒளி 0.9 முதல் 4.7 மைக்ரோமீட்டர் வரை. மனிதக் கண்ணுக்கு இவற்றில் ஏறக்குறைய எதுவுமே நிறம் இல்லை, ஒளியே இல்லை. அங்கேயும் அதே ஒழுங்குதான்: குட்டை அலைநீளத்துக்கு நீலப் பக்கம், நீளமானதற்குச் சிவப்புப் பக்கம். இந்த ஒளி தூசியை எளிதில் ஊடுருவும். 2.2 மைக்ரோமீட்டரில் தூசியின் மறைப்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். ஹபிளில் கல் போல் கெட்டியாக நின்ற தூண்கள் வெப் படத்தில் பாதி ஒளி புகும் திரையாகி, பின்னாலிருக்கும் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் தெரிவது அதனால்தான். தூண்களின் ஓரத்தில் எரிமலைக் குழம்பு மாதிரி சிவந்து நெளியும் பகுதிகள், இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நட்சத்திரங்கள் வீசும் தாரைகள் மோதி ஒளிரும் மூலக்கூறு ஹைட்ரஜன். அதே மாதக் கடைசியில் வந்த நடு அகச்சிவப்புப் படத்தில் நிலைமை தலைகீழ்: தூசியே ஒளிர்கிறது, பெரும்பாலான நட்சத்திரங்கள் காணாமல் போகின்றன. ஹபிள் படமும் வெப் படமும் முரண்படவில்லை. ஒன்று சூடான வாயுவின் மேற்பரப்பைக் காட்டுகிறது, இன்னொன்று உள்ளே எட்டிப் பார்க்கிறது.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி, படத்தோடு சேர்ந்து பரவும் கதைகளில் எதையெல்லாம் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். தூண்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன, அதன் ஒளி மட்டும்தான் நமக்கு வந்துகொண்டிருக்கிறது என்று படித்திருப்பீர்கள். ஸ்பிட்சர் தொலைநோக்கி கண்ட சூடான தூசியை வெடித்த ஒரு நட்சத்திரத்தின் (சூப்பர்நோவா) அதிர்வலை என்று விளக்கி 2007-இல் வந்த கருத்து அது. எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு இல்லை. 2015-இல் சிலியில் இருக்கும் விஎல்டி என்ற தொலைநோக்கியின் மியூஸ் கருவியால் அளந்தபோது, தூண்கள் பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 70 சூரிய நிறை வீதம் கரைகின்றன, இன்னும் முப்பது லட்சம் ஆண்டு தாங்கலாம் என்று கணக்கு வந்தது. தூரத்திலும் இழுபறி உண்டு: கழுகு நெபுலாவுக்கு 6,500 ஒளியாண்டு என்று வழக்கமாகச் சொல்வார்கள், கையா விண்கலத் தரவு 5,700-ஐ ஒட்டிச் சொல்கிறது. ஓரியனில் வியாழன் அளவுப் பொருட்கள் நாற்பது ஜோடிகள் மிதப்பதாக வெப் படங்களை வைத்து 2023-இல் அறிவித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை பின்னணியில் தற்செயலாகத் தெரியும் பொருட்கள் என்று அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. புள்ளி படத்தில் இருப்பது உறுதி. அந்தப் புள்ளி என்ன என்பதற்கு வேறு அளவீடு வேண்டும்.

வடிவத்தில் தேடுங்கள் என்று சொன்னேன் அல்லவா, அதன் காரணம் இது. நிறத்தை மாற்றியவர் எந்த ஃபில்டருக்கு எந்த நிறம் என்று எழுதிவிட்டால் யாரும் ஏமாறுவதில்லை. இப்போது இரைச்சலை அகற்றவும் கூர்மையாக்கவும் இயந்திரக் கற்றல் மென்பொருட்கள் வந்துவிட்டன. அளவோடு பயன்படுத்தினால் நல்லவை. அதிகமாக ஓட்டினால், தரவில் இல்லாத இழைகளும் முடிச்சுகளும் படத்தில் முளைக்கும், பார்க்கவும் மிக அழகாக இருக்கும். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இப்படி ஒரு படத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், அதே பகுதியை ஹபிள் எடுத்த படத்தோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். சிறிய தொலைநோக்கியில் எடுத்த படத்தில் ஹபிளில் இல்லாத நுணுக்கம் இருந்தால் விடை கிடைத்துவிடும்.

நீங்களே சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஹபிள், வெப் இரண்டின் மூலத் தரவும் மாஸ்ட் என்ற காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கழுகு நெபுலாவின் கந்தக, ஹைட்ரஜன், ஆக்சிஜன் கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றுமே கறுப்பு வெள்ளைதான். ஃபிட்ஸ் என்ற இந்த வானியல் படக் கோப்பைத் திறக்கும் இலவச மென்பொருள் ஒன்றில் மூன்றையும் ஸ்ட்ரெச் செய்து, முதலில் தனித்தனியாகப் பாருங்கள், அப்புறம் நிறம் கொடுத்துச் சேருங்கள். ஆக்சிஜன் படத்தில் தூண்கள் ஏறக்குறைய வெறும் நிழல்களாக நிற்கும், கந்தகத்தில் அவற்றின் விளிம்புகள் மட்டும் எரியும். உங்கள் எட்டு அங்குலத்தில் ஓரியனை மறுபடி பார்க்கும்போது, அரை மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு, குறைந்த உருப்பெருக்க ஐபீஸ் போட்டு, நெபுலாவை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள். கோல் செல்கள் அங்கேதான் அதிகம். சிறகுகள் எவ்வளவு தூரம் நீள்கின்றன என்று தெரியும். பச்சையைத் தேடுவதென்றால் மட்டும் டிரபீசியத்தை ஒட்டி நேராகவே பாருங்கள்.